பொருந்தாத பிள்ளை

"கோஸு மட்டும் மூட்டையா வருது. கிட்னி கேட்டா கையை விரிக்கிறான்!"

அண்ணன் தனேஸ் காதில் விழட்டும் என்றுதான் சாந்தினி உரக்கச் சொன்னாள்.

அவன், அம்மாவுக்குத் தக்காளியும் உருளைக்கிழங்கும் ஆகாது என்று லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டத்திலிருந்து பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த முட்டைக்கோஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

அம்மா இராசம்மா டயாலிசிஸ் முடிந்து வந்து சுருண்டு படுத்திருந்தாள்.

சாந்தினிக்குச் சர்க்கரை நோய், கிட்னி கொடுக்க முடியாது. பரிசோதனைவரை போன தனேஸோ, "எனக்குப் பயமா இருக்குலா" என்று பின்வாங்கிவிட்டான். லயத்து வரிசை வீடுகளில் நாலு பேர் வாய்க்கு இது போதாதா?

சாந்தினிக்கு ஆறவில்லை. ஒரு கோஸைத் தூக்கிக்கொண்டு அவன் காய்கறி லோரிவரை ஓடினாள்.

"இதையும் நீயே கொண்டுபோ! பெத்தவளைவிட உனக்கு உயிர் பெருசாப் போச்சா?"

"கத்தாத. அம்மாவுக்குக் கேட்டுடும்." அவன் கண் கலங்கியிருந்தது. "முக்கியமான பொருத்தமெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம், திசுவுல வழக்கமாப் பார்க்காத ஒரு சின்ன அடையாளத்தையும் பார்த்தாங்க. எனக்கு அப்பா வழியில வந்த வகையாம். அம்மா ரத்தத்துல அதுக்கு எதிர்ப்பு இருக்கு."

"பெத்த பிள்ளைக்கா?"

"நான் வயித்துல இருந்தப்பவே உண்டாகியிருக்கலாமாம். என் கிட்னியை வச்சா அது தாக்கிடும். தன் ரத்தமே மகனை வேணாங்குதுன்னு தெரிஞ்சா அம்மா தாங்குமா? நான் பயந்தாங்கொள்ளியாவே இருந்துட்டுப் போறேன்."

சாந்தினிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "மன்னிச்சுக்கண்ணே" என்று சொல்வதற்குள் அழுகை வந்துவிட்டது.

லோரி போனதும் கோஸை அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அம்மா கண்ணைத் திறந்தாள்.

"சொல்லிட்டானா?"

"உனக்கு முன்னாலேயே தெரியுமாம்மா?"

"என் ரத்தமாச்சே, டாக்டர் மொதல்ல எங்கிட்டதாண்டி சொன்னாரு. எனக்குத் தெரியாதுங்கிற நினைப்புலதான் என் பிள்ளை நிம்மதியா இருக்கான். அதைக் கெடுத்துடாத." அம்மா மெல்லச் சிரித்தாள். "நாளைக்கு வந்தா எப்பவும்போலத் திட்டு. நான் அவனுக்குப் பரிஞ்சு பேசிக்கிறேன்."