விருந்தாளிச் சட்டை

"சாவி இல்லாத பூட்டு இந்த டிவி ஒப்பந்தம், ரோண்டா. குளிர் ஆரம்பிச்சதுலேருந்து நோண்டுறேன். திறக்க மாட்டேங்குது."

லோவெல் தட்டிலிருந்த விலா எலும்பைக் கடிக்காமல் முறைத்துக்கொண்டிருந்தான். டன்மோர் பல்கலைக்கழகத்தின் வக்கீல் அவன்; ரோண்டாவோடு பள்ளியில் படித்தவன். மதியச் சாப்பாடு எப்போதும் அவள் கடையில்தான். கடை வாசலில் நின்றால் எதிரே ஸ்டேடியம்.

"எலும்பு என்ன பாவம் பண்ணுச்சு? முதல்ல அதைக் கடி, வக்கீலய்யா. அப்புறம் பூட்டைக் கடிக்கலாம்."

கிண்டல் செய்தாளே தவிர, அந்தப் பூட்டு திறக்க வேண்டும் என்று அவளைப்போல வேண்டிக்கொண்டவர் ஊரில் யாருமில்லை. முன்பெல்லாம் பல்கலைக்கழக ஃபுட்பால் அணி சனிக்கிழமைகளில் ஆடும். சுற்றுவட்டாரமே திரண்டு வரும். இலையுதிர் காலத்துச் சனிக்கிழமைகள்தான் வருஷம் முழுக்க அவள் கடைக்குச் சோறு போட்டன. பிறகு அணி இருந்த சின்ன லீக், ஆட்டங்களை டிவிக்காரர்களிடம் விற்றது. சனிக்கிழமை பெரிய லீக்குகளுக்குப் போக, மிச்சமிருந்த செவ்வாய் இரவும் புதன் இரவும் டன்மோருக்கு வந்தன. நவம்பர் குளிரில், மறுநாள் வேலையை வைத்துக்கொண்டு, எவன் வண்டி கட்டிக்கொண்டு வருவான்?

"பெரிய லீக்தான் வா வான்னு கூப்பிடுதே. போக வேண்டியதுதானே?"

லோவெலுக்கு விளக்கம் சொல்வதென்றால் பசி மறந்துவிடும். மேசையில் இருந்ததையெல்லாம் இழுத்து முன்னால் வைத்தான்.

"இந்தா பாரு. இந்தக் கெச்சப் நாம. இந்தக் கடுகு சாஸ் பாட்டில் எதிரணி. ஆட்டம் யார் மைதானத்துல நடக்குதோ, அதை டிவியில காட்டுற உரிமை அவங்க லீக்குக்கு. புரியுதா? நம்ம பெரிய மனுஷங்க என்ன பண்ணாங்கன்னா, நம்ம மைதானத்துல நடக்கிற ஆட்டத்தையெல்லாம் இன்னும் ஒன்பது வருஷத்துக்குப் பழைய லீக்குக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. நாம லீக்கை விட்டுப் போனாலும் அது அவங்களுக்குத்தான். டிவியில காட்ட முடியாத ஆட்டத்தை வெச்சுக்கிட்டுப் பெரிய லீக் என்ன பண்ணும்?"

"விவாகரத்து ஆனப்புறமும் வீட்டுச் சாவி மாமியார்கிட்டேங்கிற மாதிரி."

"அதேதான்."

"சரி, நாம வெளியூர் போய் ஆடுறோமே, அது?"

"அது அந்த ஊர்க்காரனோட லீக்குக்கு. விருந்தாளிக்கு அதுல உரிமையும் இல்ல, வில்லங்கமும் இல்ல."

ரோண்டா பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "விருந்தாளி பாடு எப்பவும் கொண்டாட்டம். வந்தோமா, தின்னோமான்னு போயிட்டே இருக்கலாம். பாத்திரம் கழுவுறது வீட்டுக்காரி தலையெழுத்து. இதோ பாரு லோவெல், இந்த வருஷமும் செவ்வாய்க்கிழமைதான்னா நான் கடையை மூடிட்டு டென்வர்ல மக வீட்டுக்குப் போயிடுவேன்."

எலும்பு தட்டில் கிடந்தது. லோவெல் எழுந்து நின்று கெச்சப் பாட்டிலைக் கையில் எடுத்து, மெதுவாகக் கடுகு பாட்டில் பக்கம் நகர்த்தி வைத்தான். அடுத்த நிமிடம் கோட்டை மாட்டாமலேயே தெருவில் ஓடிக்கொண்டிருந்தான்.

வசந்தத்தில் செய்தி வந்தது: டன்மோர் பெரிய லீக்கில் சேர்ந்துவிட்டது! பிரதான வீதியில் கார்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோயின. ரோண்டா அன்றைக்கே மகளுக்கு ஃபோன் போட்டு, "என் அறையை வாடகைக்கு விட்டுடு" என்றாள். மறுநாள் தச்சனைக் கூப்பிட்டுக் கடையின் பக்கச் சுவரை இடிக்கச் சொன்னாள். இன்னும் பத்து மேசையாவது போட வேண்டும். கூட்டம் வருமே.

ஊரே கொண்டாடியபோது லோவெலை மட்டும் காணவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. ஒரு வாரம் கழித்து, கையில் ஒரு பொட்டலத்தோடு வந்து, இடிந்த சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வாடா, பூட்டை உடைச்ச புண்ணியவானே! முதல்ல ஒண்ணு சொல்லு. எல்லாம் சனிக்கிழமைதானே?"

"எல்லாமே சனிக்கிழமைதான். நாடு முழுக்க டிவியில வரும்."

ரோண்டா அவன் வழுக்கைத் தலையில் சத்தமாக ஒரு முத்தம் வைத்தாள். "உக்காரு. இன்னைக்கு உன்கிட்ட காசு வாங்க மாட்டேன்."

அவன் உட்காரவில்லை. "சாவி உன்கிட்டதான் இருந்தது ரோண்டா. நீ சொல்லித்தான் எனக்குத் தோணுச்சு. இந்தா, புது சீசன் சட்டை. முதல் சட்டை உனக்குத்தான்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன்."

கடையின் சுவர் நெடுக டன்மோர் சட்டைகள் தொங்கின. எல்லாம் கருநீலம். சொந்த மைதானத்தில் கருநீலம், வெளியூரில் வெள்ளை, அதுதான் வழக்கம். வெள்ளையை ரோண்டா ஒருநாளும் மாட்டியதில்லை. 'விருந்தாளிச் சட்டை எனக்கெதுக்கு' என்பாள்.

பொட்டலத்தைப் பிரித்தவள் வாய்விட்டுச் சிரித்தாள். "மடையா, மாத்திக் கொண்டுவந்துட்டியே! இது வெள்ளை. கருநீலம் எங்கே?"

பின்னால் தச்சன் புதுப் பலகையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். லோவெல் அந்தச் சத்தம் ஓயும்வரை காத்திருந்தான்.

"கருநீலம் தைக்கவே இல்ல, ரோண்டா. சொந்த ஊர்ல ஆடினாத்தானே ஆட்டம் பழைய லீக்குக்குப் போகும்? அதனால இந்த ஒன்பது வருஷமும் நாம சொந்த ஊர்ல ஆடப் போறதே இல்ல. எல்லா ஊருக்கும் விருந்தாளி."