கொடைக்கானலில் மூன்றாம் நாள்

பச்சை விளக்கு எரிந்துவிட்டது. இனி அழுத்தலாம்.

அவள் அழுத்தவில்லை.

அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

பொத்தான் அவளுடைய உள்ளங்கையில் இருந்தது. பேனா தடிமனில், ஒரு வெள்ளை வயரின் நுனியில். அதன் தலையில்தான் அந்தப் பச்சை விளக்கு. அழுத்தினால் கட்டிலருகே நிற்கும் மெஷினிலிருந்து வலிமருந்து கொஞ்சம் நரம்புக்குள் இறங்கும். இறங்கும்போது மெஷின் ‘பீப்’ என்று ஒரு குரல் கொடுக்கும்.

அந்தக் குரல் போனில் கேட்டுவிடும்.

“ஆமாக்கா, ஒரே குளுரு. மத்தியானத்துலகூட ஸ்வெட்டரைக் கழட்ட முடியல.”

ஜன்னலுக்கு வெளியே கோயமுத்தூரின் மே மாத வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த ஜன்னலோரம் நின்றால்தான் அறையில் சிக்னல் கிடைக்கும். அம்மா அவளுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். ஜாக்கெட் வியர்வையில் ஒட்டியிருந்தது.

அவளுக்குப் பதினைந்து வயது. பக்கவாட்டில் வளைந்துபோன முதுகெலும்பை நிமிர்த்தி, இரண்டு கம்பிகளை வைத்து, முந்தாநாள் தைத்திருந்தார்கள்.

சொந்த ஊரான கரூரில் யாருக்கும் தெரியாது.

இப்போது போனில் இருக்கும் பெரியம்மாவுக்குக்கூடத் தெரியாது. பெரியம்மாவுக்குத் தெரிந்தால் ஒரே வாரத்தில் சொந்தம் முழுக்கத் தெரியும். ‘முதுகுல ஆபரேசன் பண்ணுன புள்ள’ என்ற பேர் ஒட்டிக்கொள்ளும். நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது அந்தப் பேரும் கூடவே வந்து உட்காரும். அம்மா அழாமல் இதைச் சொன்னாள். அப்பா தலையை ஆட்டினார். லீவுக்குக் கொடைக்கானல் போகிறோம் என்று எல்லோரிடமும் சொன்னார்கள். பெட்டியில் ஸ்வெட்டரைக்கூட எடுத்துவைத்தார்கள்.

அதனால் அவளைப் பார்க்க யாரும் வரவில்லை.

பக்கத்து அறைக் கதவு ஓயாமல் திறந்து மூடியது. செருப்புச் சத்தம். பழப் பையின் சரசரப்பு. யாரோ சிரித்தார்கள். யாரோ, “என்னப்பா இப்படி இளைச்சுட்ட” என்றார்கள்.

வலி முதுகில் மட்டும் இல்லை. மூச்சு இழுத்தால் விலாவுக்கு வந்தது. விட்டால் இடுப்புக்கு இறங்கியது. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி உள்ளே யாரோ நிதானமாக முறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அனிஷா சிஸ்டர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

“ஏறுறதுக்கு முன்னாடியே அழுத்தணும் பிள்ளே. பொறுத்துப் பொறுத்து வச்சா, பொறவு இறக்குறது கஷ்டம். நீ மட்டும்தான் அழுத்தணும், கேட்டியா? அம்மாகூட தொடப்பிடாது.”

நான்கு மணிக்கு அவளைக் கட்டிலில் உட்காரவைக்க வருவார்கள். நேற்று வந்தபோது பாதி எழுந்ததுமே கண் இருட்டியது. இன்றும் உட்காராவிட்டால் நுரையீரலில் சளி கட்டும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

மணி மூன்றே முக்கால்.

அம்மா அதற்குள் ஏரி வரை போய்விட்டிருந்தாள்.

“படகுல ஏற மாட்டேன்னு ஒரே அடம்க்கா. அவங்கப்பா கெஞ்சுனாரு. கேக்கவே இல்லை.”

அந்த ஏரிக்கரையில் ஒரு பெண் அடம்பிடித்துக்கொண்டு நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, நேராக. அவளுக்கு எங்கும் வலிக்கவில்லை. அவளுக்காக அப்பா கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கட்டிலில் கிடந்தவள் தலையணையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டாள்.

இன்னும் ஒரு நிமிடம். அம்மா போனை வைத்துவிடுவாள்.

அம்மா வைக்கவில்லை. ஏரியிலிருந்து சாக்லேட் கடைக்குப் போனாள்.

கட்டைவிரல் தானாக அழுந்தியது.

பீப்.

அம்மாவின் பேச்சு நின்றது.

“என்னடி சத்தம்?” பெரியம்மாவுக்கு ஸ்பீக்கரே வேண்டாம். அறை முழுக்கக் கேட்கும்.

“லிஃப்ட்டுக்கா. ஓட்டல் லிஃப்ட்.”

“சம்யுகிட்டக் குடு. ரெண்டு நாளா அவ கொரலே கேக்கல. ஏரியில தள்ளி உட்டுட்டியா?”

“தூங்கறாக்கா.”

அம்மா திரும்பினாள். விழித்துக் கிடந்த மகளைப் பார்த்தாள். ஒரு விரலை உதட்டின் மேல் வைத்தாள்.

யூனிஃபார்முக்குள் முதுகு வளையாமல் பிடிக்கும் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன இரண்டு வருடமும் வீட்டு வாசலில் அந்த விரல் நின்றிருந்தது.

“பெரியம்மா.”

அவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை.

“என்ன கண்ணு? ஏன் கொரலு இப்படி இருக்குது? ஏய் கோமு, புள்ளைக்கு என்னடி?”

அம்மாவின் கட்டைவிரல் திரையின் சிவப்பு வட்டத்துக்கு மேலே போனது. அங்கேயே நின்றது.

பக்கத்து அறைக் கதவு ஒருமுறை திறந்து மூடியது.

பிறகு அம்மா கட்டிலருகே வந்தாள். மகளால் தலையைத் திருப்ப முடியாது. போனை அவள் காதருகே கொண்டுபோய்ப் பிடித்தாள்.

“வலிக்குது பெரியம்மா.”

மறுமுனையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள்.

“எங்க இருக்கீங்க?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். மருந்து இறங்கத் தொடங்கியிருந்தது. கண் சொருகியது.

அம்மா குனிந்தாள். போனுக்கு இந்தப் பக்கம் மகளின் கன்னம். அந்தப் பக்கம் அம்மாவின் கன்னம். முந்தாநாள் ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியபோதுகூடக் காய்ந்தே இருந்த கன்னம்.

“கொஞ்சம் வர்றியாக்கா?” என்றாள்.