பத்து மணிக்கு ஒன்றும் வராது

ஓடைப் பாதையில் தான் கட்டிவைத்த கேமராவின் படங்களை ரேஞ்சருக்குக் காட்டிக்கொண்டிருந்தான் வனக்காவலன் செம்பன். விடியலில் புலி, உச்சி வெயிலில் செந்நாய்க் கூட்டம், அந்தியில் சிறுத்தை.

“ஒரே பாதை. ஒண்ணுக்கொண்ணு இடைஞ்சல் இல்லாம நேரம் பிரிச்சுக்கிட்டிருக்கு பாருய்யா!” என்று சொக்கிப்போனார் ரேஞ்சர்.

அடுத்த படத்தில், காலை பத்து மணிக்கு, ஒரு பெண். தலையிலிருந்த விறகுச் சுமை முகத்தை மறைத்திருந்தது.

“யாருய்யா இவ?”

சேலையைப் பார்த்ததுமே செம்பனுக்கு ஆள் தெரிந்துவிட்டது. ‘பத்து மணிக்குப் போ, ஒண்ணும் வராது’ என்று விலங்குகளை மட்டும் நினைத்து மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

“தெரியலைங்க ஐயா.”

“திருட்டுக் கழுதைங்க. இப்பவே போய்க் கேமராவைக் கீழே இறக்கிக் கட்டு. முகம் விழணும்.”

செம்பன் கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வீட்டில் விறகில்லை. மணி ஒன்பதரை ஆகியிருந்தது.