ஒரு மணி ஐம்பது நிமிடம்

டெவோனா தன் ஆய்வின் கடைசிப் படத்தைத் திரையில் கொண்டுவந்தாள்.

முன்வரிசையில் கல்லூரி டீன். பக்கத்தில், மாணவிகள் பயிற்சிக்குப் போகும் மருத்துவமனையின் தலைமை நர்ஸ் மிஸ் எர்லீன். பின்னால், அவளைச் சங்கத் தலைவியாக்கிய கறுப்பின நர்சிங் மாணவிகள்.

மேடையேறும் முன் தோழி ரொஷெல் அவள் காலரைச் சரிசெய்துவிட்டாள். "என்ன தலைவி, ஊசிக்குப் பயந்த பிள்ளை மாதிரி நிக்கிற? ஜாக்சன் ஊர் முழுக்க உன் பேச்சுதான்டி."

டெவோனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆய்வு எளிமையானது. சிசேரியன் செய்துகொண்ட இருநூற்றுப் பன்னிரண்டு தாய்மார்கள். வலிக்கிறது என்று அவர்கள் சொன்ன நேரமும் மருந்து கிடைத்த நேரமும் பதிவேட்டில் இருந்தன. வெள்ளைத் தாய்மார்கள் சராசரியாகப் பத்தொன்பது நிமிடம் காத்திருந்தார்கள். கறுப்புத் தாய்மார்கள் நாற்பத்தொரு நிமிடம்.

திரையில் இப்போது ஒரே ஒரு வரி. மிக அதிகமாகக் காத்திருந்தவர், எண் 117, கறுப்புப் பெண். ஒரு மணி ஐம்பது நிமிடம்.

அரங்கில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

மூன்றாம் வரிசையில் முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். "அவங்களக் காக்க வெச்ச வெள்ளைக்காரி யாருன்னு தெரிஞ்சாகணும்."

கைதட்டல் எழுந்தது. மிஸ் எர்லீன் பேனாவைத் திறந்தார். "பேரைச் சொல்லும்மா. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்."

ஆய்வுக்குத் தரும்போதே பதிவேட்டிலிருந்து எல்லாப் பெயர்களையும் எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். பொய்யும் ஆகாது. ஓரமாக நின்ற ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியர் அதைத்தான் சொல்லச் சொல்லிக் கையசைத்தார்.

டெவோனா தண்ணீர் குடித்தாள். பாதி காலரில் வழிந்தது.

"வெள்ளைக்காரி இல்ல, மேடம். நான்தான்."

கைதட்டல் அங்கங்கே நின்று, பிறகு முழுதாக அடங்கியது.

"போன வருஷம் அந்த வார்டுல பயிற்சியில இருந்தேன். பத்துக்கு எட்டு வலின்னு அந்தம்மா சொன்னாங்க. பதிவேட்டுல நேரத்தோட எழுதினேன். போய் நர்ஸ்கிட்ட சொல்லணும். அவ்வளவுதான் என் வேலை. சொல்லல."

விடாமல் பேசினாள்.

"வீட்டுல இருந்த மூத்த பையன்கிட்ட போன்ல சிரிச்சுப் பேசிட்டிருந்தாங்க. இவ்வளவு வலி இருக்கறவங்க சிரிப்பாங்களான்னு நினைச்சேன். நம்ம பொம்பளைங்கதானே, தாங்கிப்பாங்கன்னும் நினைச்சேன். பையன் பயந்துடக் கூடாதுன்னுதான் சிரிச்சாங்களாம். அப்புறமா அவங்களேதான் சொன்னாங்க."

ரொஷெல் தலையைக் குனிந்துகொண்டாள். முதலாண்டு மாணவி உட்கார மறந்து நின்றுகொண்டிருந்தாள்.

மிஸ் எர்லீன் எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்.

"இதை நீயே போய் ஏம்மா தோண்டின?"

டெவோனா திரையின் பக்கம் திரும்பவில்லை.

"என்னைவிட மோசமா ஒருத்தராவது செஞ்சிருப்பாங்கன்னு தேடினேன், மேடம்."

மிஸ் எர்லீன் காத்திருந்தார்.

"மிச்சம் இருநூத்துப் பதினோரு பேரோட பதிவையும் பார்த்துட்டேன். யாரும் இல்ல."