பொன்னுலிங்கம் பிடித்த கள்ளன்

மார்த்தாண்டம் சந்தை முக்கில் தேன் வியாபாரம் செய்துவந்த பொன்னுலிங்கத்தை இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை. இப்படிச் சொன்னவர் பொன்னுலிங்கமேதான். தேனில் கருப்பட்டிப் பாகு கலந்திருந்தால் நாக்கில் பட்டதும் சொல்லிவிடுவார். மனிதர்களை எடைபோட அவருக்கு நாக்குகூட வேண்டியதில்லை, கண்ணே போதும். ஊரில் மற்றவர்கள் எல்லாரும் ஏமாறுவதற்கென்றே பிறந்தவர்கள் என்பது அவருடைய தீர்மானமான கருத்து.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம், சந்தை கூடிய ஒரு நாளில், அவர் கடைக்கு எதிரே ஒரு புதுச் சைக்கிள் வந்து நின்றது. முன்னால் தொங்கிய பலகையில் ‘இமயம் முதல் குமரி வரை’ என்று எழுதியிருந்தது. இறங்கிய ஆள் தன் பெயர் ஞானசிங் என்றான். காக்கி அரைக்கால் சட்டை, தலையில் தொப்பி, நெஞ்சில் வரிசையாக மெடல்கள்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. விந்திய மலையில் புலி துரத்திய கதையை ஞானசிங் மேடைப் பேச்சுப் போலச் சொன்னான். கோதாவரிக் கரையில் முன்பின் தெரியாத படகோட்டி ஒருவன் தன் பாயை இவனுக்குக் கொடுத்துவிட்டு வெறும் மணலில் படுத்தானாம். பழக்கடைக்காரர் உருகிப்போய் மட்டி வாழைக்குலை ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். ஜவுளிக்கடை குமாரதாஸ் மாலை வாங்கிப் போட்டார்.

பொன்னுலிங்கம் உட்கார்ந்த இடத்திலிருந்தே உதட்டைச் சுழித்தார். டயரில் ரப்பர்ப் பிசிறுகூட இன்னும் உதிரவில்லை. இமயத்திலிருந்து மிதித்து வந்தவனுடைய கால்சதையோ கொழுக்கட்டை மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து இன்னொரு சைக்கிள் வந்தது. ஒட்டுப்போட்ட டயர். ஓட்டி வந்தவன் தலையெல்லாம் செம்மண். பலகையும் இல்லை, மெடலும் இல்லை. பொன்னுலிங்கத்திடம் குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டான்.

தண்ணீரைக் கொடுத்துவிட்டு அவர் தோண்டித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பெயர் மத்தியாஸ். நாக்பூரில் பிறந்து வளர்ந்தவன், அதனால் தமிழ் கொஞ்சம் தட்டும். அவனும் இமயமலை அடிவாரத்திலிருந்துதான் வருகிறான், கன்னியாகுமரிக்குத்தான் போகிறான். யாரும் அனுப்பவில்லை, தேசத்தைப் பார்க்கும் ஆசைதான். எதிரே நிற்பவனும் அப்படி வந்தவன்தானாம் என்று பொன்னுலிங்கம் காட்டினார். மத்தியாஸ் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவர் பெரிய ஆள், நான் வருகிறேன் என்று சைக்கிளைத் திருப்பினான்.

அந்தக் குனிவு போதாதா பொன்னுலிங்கத்துக்கு? அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார்.

“ஓய், நாக்பூர் தாண்டுனா எந்த ஆறு வரும்?”

ஞானசிங் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். கங்கை என்றான். யாரோ சிரித்ததும் காவேரி என்று மாற்றினான். அதே கேள்வியை மத்தியாஸிடம் கேட்டார். “வர்தா” என்றான் அவன், மெதுவாக.

விடை பொன்னுலிங்கத்துக்கும் தெரியாது. மதுரைக்கு வடக்கே அவர் போனதேயில்லை. ஆனால் தடுமாறுகிறவன் கள்ளன் என்பது தெரியும். ஞானசிங்கின் செவிட்டில் ஓங்கி ஓர் அறை விட்டார். தொப்பி தெறித்து ஓடையில் விழுந்தது. மாலை போட்ட குமாரதாஸே அதைப் பிய்த்து எறிந்தார். சைக்கிளைப் பிடுங்கிப் போலீஸில் கொடுக்கவேண்டும் என்று ஒருவர் குதித்தார்.

குறுக்கே வந்து நின்றவன் மத்தியாஸ்தான்.

“சைக்கிளை விட்டிருங்க ஐயா. பாவம், அவரும் வீடு போய்ச் சேரணும்.”

பொன்னுலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கள்ளனுக்கும் இரங்குகிற இவனல்லவா மனிதன் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். ஞானசிங் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, கூச்சலுக்கு நடுவே சைக்கிளேறித் தப்பினான்.

ஒரு கள்ளனுக்கு மாலை போட்ட வெட்கத்தை ஊர் இப்போது யோக்கியன் மேல் கொட்டித் தீர்த்தது. குமாரதாஸ் ஒரு ஜோடி சரிகை வேட்டி கொடுத்தார். மத்தியாஸ் வேண்டாம் என்றான். அதன் மேல் ஒரு பட்டுத் துண்டையும் வைத்தார். அவன் மறுக்க மறுக்கக் கொடுப்பவை கனத்துக்கொண்டே போயின. ஜவுளிக்கடைக்காரனுக்குக் கீழே நிற்பதா என்று பொன்னுலிங்கம் தன் மோதிரத்தைக் கழற்றி அவன் விரலில் போட்டுவிட்டார்.

முந்திரிக்கொத்துப் பலகாரப் பொட்டலத்தோடு வந்த அவர் மனைவி தாணம்மாளுக்கு முகம் வெளுத்தது. அது கல்யாணத்தன்று அவள் அப்பா போட்ட மோதிரம். ஆள் யாரென்றுகூடத் தெரியாதே என்று மெல்லக் கேட்டாள்.

“ஆளை அளக்க உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?” என்று அவள் வாயை அடைத்தார் பொன்னுலிங்கம்.

சிதறால் மலையில் சமணச் சிலைகள் இருக்கின்றனவாமே, அவற்றைப் பார்த்துவிட்டுக் குமரிக்குப் போகிறேன் என்று மத்தியாஸ் விடைபெற்றான். பொன்னுலிங்கம் முக்கு வரை போய் வழியனுப்பினார். பிறகு கடையைச் சாத்தும் வரைக்கும், தான் கள்ளனைப் பிடித்த கதையை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் சிதறால் மலையடிவாரத்தில், ஒரு பாறையின் மறைவில், மத்தியாஸ் மூட்டையைப் பிரித்தான். வேட்டியையும் துண்டையும் உதறி மடித்தான். மோதிரத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, புதுச் சைக்கிளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவனிடம் முந்திரிக்கொத்து ஒன்றை நீட்டினான். அவன் அதை வீங்காத கன்னத்துப் பக்கமாக வைத்து மென்றான்.

“பாறசாலையிலயும் நான்தான் அடி வாங்குனேன், இங்கயும் நான்தான். நாளைக்குக் குலசேகரத்துல நீ கள்ளனா இரி மக்கா, நான் யோக்கியனா இருக்கேன்.”