மேல்பரப்புக்குச் சற்றுக் கீழே

விரிசலை அவளே வைத்தாள். கணினித் திரையில்தான்.

மின்னணுச் சிப்பின் மேல்பரப்புக்குக் கீழே, தலைமுடியின் பருமனில் பாதி ஆழத்தில்.

பிறகு ஒலியை அனுப்பினாள்.

காதுக்கு எட்டாத ஒலி. தண்ணீரைக் கடந்து சிப்புக்குள் இறங்கும். விரிசல் இருந்தால் அதில் பட்டுத் திரும்பும். அதை எழுப்பவும் திரும்பக் கேட்கவும் ஒரு டிரான்ஸ்டியூசர். விரல்நுனி அளவுதான். புதிதாக ஒன்றை வடிவமைப்பது அவள் வேலை. பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் இந்தச் சிமுலேஷன்.

பழையது எதையும் காட்டவில்லை.

விரிசலை இன்னும் ஆழத்துக்கு நகர்த்தினாள். பளிச்சென்று தெரிந்தது.

மேலே கொண்டுவந்தாள். மறைந்தது.

மேல்பரப்பில் பட்ட அதிர்வு அடங்க நேரம் பிடித்தது. அது ஓய்வதற்குள் விரிசலின் எதிரொலி வந்து, அதிலேயே மூழ்கிப்போனது.

மூன்று வருடங்களாக அந்தப் பழையதுதான் சிப்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தது. தேறியவை கம்பெனி தயாரிக்கும் செயற்கைச் சுவாசக் கருவிகளுக்குள் போயின.

பிரிவுத் தலைவர் தொமினிக்கிடம் காட்டினாள்.

"கம்ப்யூட்டர் ஆயிரம் சொல்லும்மா. நெசத்துல ஒண்ணு காட்டு, பாப்போம்."

தேறியவை இருந்த பெட்டியிலிருந்து ஆறு சிப்புகளை எடுத்தாள். பிசினில் பதித்து, குறுக்கே அறுத்து, கண்ணாடிபோல் ஆகும்வரை தேய்த்தாள். முடிக்கும்போது மறுநாள் மதியம்.

முதல் நான்கில் ஒன்றுமில்லை. அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

ஐந்தாவதில் இருந்தது. மெல்லிய கறுப்புக் கோடு. திரையில் அவள் வைத்த அதே ஆழம்.

ஆறாவதை அவள் பார்க்கவில்லை.

தொமினிக் நுண்ணோக்கியில் குனிந்தவர், நிமிர வெகுநேரமாயிற்று. போய் அறைக்கதவைச் சாத்தினார்.

"திங்கக்கிழம வரைக்கும் யாருகிட்டயும் பேச வேணாம். மேல நான் சொல்லிக்கிறேன்."

அன்று வெள்ளி.

தன் இடத்துக்கு வந்து, கருவிகள் போன மருத்துவமனைகளின் பட்டியலைத் திறந்தாள். முதல் எண்ணை அழுத்தினாள்.

தென்காசிப் பக்கம். தீவிர சிகிச்சைப் பிரிவில் எஸ்தர்ராணி என்ற நர்ஸ் எடுத்தாள்.

"எங்க மெஷின் அங்க எத்தன ஓடுது சிஸ்டர்?"

"நாலு இருக்கு மேடம். மூணுல ஆளு இருக்காவ."

"நாலாவதுல?"

போனுக்கு அந்தப் பக்கம் யாரோ செருப்புத் தேய நடந்துபோகும் சத்தம் கேட்டது.

"காலைல வரைக்கும் இருந்தாவ."

அவள் கண் பட்டியலின் மற்ற பெயர்களுக்குப் போனது.

"மெஷின் நின்னதப் பத்தி நாங்க இன்னும் கம்ப்ளெயிண்டே குடுக்கலயே மேடம். ஒங்களுக்கு யாரு சொன்னா?"

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தொமினிக் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவளையே பார்த்தபடி.

"சிஸ்டர், அந்த மூணு பேரையும் வேற மெஷினுக்கு மாத்திருங்க. இப்பவே."

"வேற மெஷின் ஏது மேடம்?"