பொங்கி எறக்கட்டும்

நாச்சியம்மாள் முகத்தைக் கழுவித் துடைத்து, மகன் பொங்கலுக்கென்று அனுப்பியிருந்த புதுச்சேலையைக் கட்டிக்கொண்டாள். வாசலில் பந்தல் போட்டாயிற்று, வேனிலிருந்து நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. தொண்டாமுத்தூரில் பாதிச் சனம் அந்த வீட்டில்தான் இருந்தது.

"கொஞ்ச நேரம் யாரும் அழாதீங்க. பையன் போன்ல வாரான்" என்றாள்.

கூடத்தில், ஐஸ் பெட்டிக்குள் அவள் புருஷன் சுப்பண்ணன் கிடந்தார். முந்தின நாள் சாயங்காலம் தோப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"சபரிகிட்டச் சொல்லிப்போடலாமுங்க பெரியம்மா. கொள்ளி வெக்கோணுமே அவன்" என்றான் கொழுந்தன் மகன் அருள்குமார்.

"சொன்னா அடுப்பை அணைச்சுப்போடுவாங்க கண்ணு. சிங்கப்பூர்ல சொந்த ஊடு வாங்கி வெக்கிற மொதப் பொங்கல். பொங்கி எறக்கட்டும், நானே சொல்றேன்."

அருள்குமார் தன் கைபோனை ஒருதரம் பார்த்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நாற்காலி இறக்கப் போனான்.

பெற்றவள் மனசைப் பாருங்கள். தாலி இறங்கப்போகிற நாளிலும், பிள்ளை வாயில் பொங்கல் போகவேண்டுமே என்று கிடந்து தவிக்கிறது.

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவில் சிரித்தாள். அங்கே நிலைவாசலில் வேப்பிலையும் பூளைப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டியிருந்தார்கள். பட்டுவேட்டியில் சபரீஷ் நின்றான், பேத்தி அக்ஷயாவுக்கு வாய் நிறையக் கச்சாயப் பலகாரம்.

"அப்பத்தா, அப்பாரு எங்கீங்க?" என்று தாத்தாவைத் தேடியது குழந்தை.

நல்லவேளை, சபரீஷ் முந்திக்கொண்டான். "அப்பாரு தோட்டத்துல வேலையா இருப்பாரு. நீ அப்பத்தாளுக்குக் கரும்பைக் காட்டு சாமி."

பால் பொங்கி வழிந்தது. "பொங்கலோ பொங்கல்" என்று அவர்கள் கூவ, இவளும் கூடவே கூவினாள். கூடத்திலிருந்த சனம் ஒன்றும் புரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"வெச்சர்றேன் கண்ணு. எல்லாரும் வயிறாரத் தின்னுங்க."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அப்புறமாகச் சொல்லிக்கொள்ளலாம், பிள்ளை ஒருவாய் நிம்மதியாகத் தின்னட்டும் என்றிருந்தது.

போனை இரண்டு பக்கமும் யாரும் அணைத்திருக்கவில்லை. மருமகள் நவ்யாவின் குரல் அதிலிருந்து வந்தது.

"ஏனுங்க, அருள்குமாரு ராத்திரியே நம்மகிட்டச் சொல்லிப்போட்டாருன்னு அத்தைக்குத் தெரியாதுங்களா?"

"அம்மா வாயால சொன்னாத்தானே நமக்குத் தீட்டு? நீ எலையப் போடு."